கைவிடப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு உதவ நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு சிறப்பு தத்து மையம் இருக்கிறது. பிறந்து இரண்டு நாள் ஆன சிசுவிலிருந்து ஆறு வயதுப் பிள்ளை வரை அங்கே வளர்கிறார்கள். நாங்கள் நான்கு நண்பர்கள் சில வருடங்களாக மாதாமாதம் பணம் திரட்டி அங்கே கொடுத்து வருகிறோம். யாரிடம் கேட்டாலும் கொடுக்க மனசு இருக்கிறது, கூடவே சந்தேகமும் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

தொட்டில் குழந்தைன்னா என்ன? அந்தத் திட்டம் இன்னும் இருக்கா?

இருக்கிறது. 1992இல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ‘கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள்’ என்று அரசு மருத்துவமனைகளிலும் சமூகநல அலுவலகங்களிலும் தொட்டில் வைத்தார்கள். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும், 2011இல் கடலூர், விழுப்புரம் போன்ற இன்னும் சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். கேரளத்தில் இதையே ‘அம்மத்தொட்டில்’ என்பார்கள்.

இன்று தத்து மையங்களில் இருக்கும் குழந்தைகள் எல்லோருமே தொட்டிலில் வந்தவர்கள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்கள் உண்டு, பிரசவ வார்டிலேயே விட்டுப் போனவர்கள் உண்டு, அம்மாவே நேரில் வந்து கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தவர்களும் உண்டு. இந்த வேறுபாடு பின்னால் வரும் சில பதில்களுக்கு முக்கியம்.

ரோட்டோரமா ஒரு குழந்தை கிடக்குறதைப் பார்த்தா முதல்ல என்ன செய்யணும்?

சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்குப் பசியைவிடக் குளிர்தான் முதல் ஆபத்து. ஈரத்தைத் துடைத்துவிட்டு, சுத்தமான துணியில் தலையோடு சேர்த்துச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து வையுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வாயில் விட வேண்டாம். தொப்புள் கொடியை இழுக்கவோ மஞ்சள் வைக்கவோ வேண்டாம். 108க்கும் 1098க்கும் கூப்பிடுங்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண்.

அப்புறம் ஒன்று. ‘நாமே வளர்த்துக்கலாமே, எங்களுக்குக் குழந்தை இல்லையே’ என்று வீட்டுக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொள்வது குற்றம். தகவல் சொன்னவரை யாரும் கைது செய்ய மாட்டார்கள். எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த விவரம் குழந்தைக்குப் பிற்காலத்தில் தேவைப்படும்.

அப்படி வந்த குழந்தையை எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க?

முதலில் அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு. உடம்பு தேறியதும் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவோடு தத்து மையம். பெற்றவர்களைத் தேடி நாளிதழில் படத்தோடு விளம்பரம் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கட்டை விரல் அளவு கறுப்பு வெள்ளைப் படம், கீழே நான்கு வரி. போலீஸும் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். யாரும் உரிமை கோரவில்லை என்றால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள், அதைவிடப் பெரிய குழந்தையை நான்கு மாதத்துக்குள் ‘சட்டப்படி தத்துக்குத் தகுதியானது’ என்று நலக்குழு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அம்மாவே ஒப்படைத்த குழந்தை என்றால் அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. மனசு மாறி வந்தால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த அவகாசம் முடிந்த பிறகுதான் தத்து பற்றிய பேச்சே. ஆக, நல்ல உடல்நிலையில் இருக்கும் சிசுவுக்கு அந்த மையம் ஒரு வழித்தங்கல். அங்கே இருக்கும் சில மாதங்கள் நன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் நாம் உதவுகிறோம்.

அரசாங்கமே பணம் கொடுக்குதே, நாம எதுக்குக் கொடுக்கணும்?

கொடுக்கிறது. இத்தனை குழந்தைக்கு இவ்வளவு, இத்தனை ஊழியர்களுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. தடுப்பூசியும் அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம். ஆனால் பணம் தவணையாக வரும், தாமதமாகவும் வரும். குழந்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும்.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு காலை நேரம். ஆயா ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நம் பாட்டிகள் செய்வதேதான். குளித்தவனைத் துடைத்துத் தூளியில் போட்டுவிட்டு அடுத்த குழந்தையை எடுத்தார். தூளிக்குள் இருந்தவன் அழுதான். இடது கால் பெருவிரலில் தூளிக் கயிற்றை மாட்டி ஆட்டிக்கொண்டே அடுத்த குழந்தையைக் குளிப்பாட்டினார். மூன்றாவது குழந்தை பாயில் விழித்துக் கிடந்தது. அது அழக்கூட இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழுதும் யாரும் வராத குழந்தை கொஞ்ச நாளில் அழுவதை நிறுத்திவிடும் என்று அந்த ஆயாதான் சொன்னார். ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வில், காப்பகத்தில் வளர்ந்த 136 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். இரண்டு வயதுக்கு முன்னால் குடும்பத்துக்குப் போனவர்களின் வளர்ச்சி மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. மடியும் தோளும் குழந்தைக்கு உணவு மாதிரி. அதனால் எங்கள் குழு எடுத்த முடிவு: எங்கள் பணத்தில் பெரும்பங்கு இரவு ஆயா ஒருவரின் சம்பளத்துக்கு. அதில் ஃபோட்டோ எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழந்தையை யாரோ தூக்குகிறார்கள்.

பையனோட முதல் பிறந்தநாள் வருது. அங்க ஒரு வேளை சாப்பாடு போடலாமா?

பல் முளைக்காத குழந்தைகளுக்கு யார் பிரியாணி போடுவது? ஊழியர்களும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், சரி. ஆனால் நல்ல முகூர்த்த மாதத்தில் ஒரே நாளில் மூன்று குடும்பம் கேக்கோடு வந்து நிற்பதும், ஆடி மாதத்தில் டயப்பருக்குக் கையைப் பிசைவதும் நான் பார்த்தது.

பிறந்தநாளை ஒட்டிக் கொடுக்க ஆசையா? முன்கூட்டியே ஃபோன் செய்து ‘இந்த மாதம் எது குறைகிறது’ என்று கேளுங்கள். சலவை இயந்திரப் பழுது, இன்வர்ட்டர் பேட்டரி, கொசுவலை, டெட்டால், மருத்துவமனைக்குப் போக ஆட்டோ வாடகை என்று பதில் வரும். அதையே பையன் பேரில் கொடுங்கள்.

பால் பவுடர் டின்னா வாங்கிக் கொடுத்துடலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கான பால் மாற்று உணவுகள், புட்டிகள் பற்றி 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாய்ப்பாலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, இவற்றை யாரும் யாருக்கும் இலவசமாகக் கொடுப்பதையே அது தடுக்கிறது. அனாதை இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே தத்து மையத்துக்குக் கொடுக்கலாம். அதே டின்னை மருத்துவமனைப் பிரசவ வார்டில் போய் வினியோகிக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு ஒரு வகை, நிறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வகை, ஆறு மாதத்துக்கு மேல் வேறு வகை. அலமாரியில் பெரிய குழந்தைக்கான டின் இருபது இருக்கும், பிறந்த குழந்தைக்கானது ஒன்றுகூட இருக்காது. பாதி டின்னில் தேதி முடியப் போகும். எந்த வகை, எத்தனை என்று செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எனக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு, பால் நிறைய சுரக்குது. தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

முடியும். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் வந்தது. இப்போது தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. உங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எடுத்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைப்பார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு முதலில் போகும். தொட்டிலில் வந்த குழந்தையும் முதலில் அங்கேதான் இருக்கும், மூன்றாவது பதிலில் சொன்னேன் அல்லவா. எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கை நான்கு மாதம் கொடுத்தார். காசாக நாங்கள் கொடுத்தது எதுவும் அதற்கு ஈடில்லை.

தத்து மையத்துக்கு நேரே பாலைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டாம். பரிசோதிக்காத பாலை அவர்கள் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது.

ஒரு இல்லம் நிஜமானதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பதிவு வேறு, இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளை வைத்திருப்பதற்கான பதிவு வேறு. டிரஸ்ட் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். இரண்டாவது பதிவு இல்லாமல் குழந்தைகளை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பதிவுக்கும் காலக்கெடு உண்டு, தேதியைப் பாருங்கள். பச்சிளம் குழந்தைகள் என்றால் ‘சிறப்பு தத்து மையம்’ என்ற அங்கீகாரம் வேண்டும். சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தோடு இணைந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் கண்ணால் பாருங்கள். ரசீது கேட்டதும் முகம் மாறுகிறதா? பணத்தைத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்களா? எந்த நேரத்தில் போனாலும் குழந்தையை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறார்களா? கடைசியாகச் சொன்னது அன்பாகத் தெரியும். ஆனால் நல்ல மையம் முன்பின் தெரியாதவர் கையில் சிசுவைக் கொடுக்காது.

ஒரு குழந்தை ஃபோட்டோகூட அனுப்ப மாட்டேங்கறாங்க. கொடுக்குற காசுக்கு அதுகூடக் கிடையாதா?

கிடையாது, அதுதான் சரி. இந்தக் குழந்தைகளின் அடையாளத்தை நலக்குழுவின் அனுமதி இல்லாமல் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். நாளைக்கு அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவாள். ‘உன்னைக் குப்பைத் தொட்டியில் எடுத்தார்களாமே’ என்று யாரும் ஃபோனை நீட்டக் கூடாது. படம் போட்டுப் பணம் கேட்கும் இல்லத்தைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

வாட்ஸாப்புல ‘பெற்றோர் இல்லாத குழந்தை, வேண்டுவோர் தொடர்புகொள்ளவும்’னு வருது. ஃபார்வேர்டு பண்ணலாமா?

பண்ணாதீர்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இப்படிச் செய்திகள் குவிந்தன. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் பணம் பறிக்கும் ஆள், இல்லையென்றால் குழந்தை விற்பவர். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனை ஊழியரே சம்பந்தப்பட்டிருந்தால் மூன்றிலிருந்து ஏழாண்டு. செய்தியை 1098க்குச் சொல்லுங்கள்.

பெரிய தொகை நன்கொடை கொடுத்தா தத்து சீக்கிரம் கிடைக்குமா? வெளிப்படையாவே கேக்கறேன்.

கிடைக்காது. மத்தியத் தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, வரிசைப்படிதான் வரும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை, அந்த வலியும் புரிகிறது. குழந்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் தத்துக்காக ஒரு ரூபாய்கூட யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் கொடுக்கக் கூடாது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். மையத்தின் கையில் அது இல்லவே இல்லை.

நீங்கள் வரிசையில் இருக்கும் காலத்தில், நன்கொடையை வேறொரு மாவட்டத்து மையத்துக்குக் கொடுங்கள் என்பது என் யோசனை. உங்கள் மனசிலும் எதிர்பார்ப்பு வராது, அவர்களுக்கும் சங்கடம் இல்லை.

வரிவிலக்கு உண்டா? நாங்க வெளிநாட்டுல இருக்கோம், அனுப்பலாமா?

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவுள்ள அமைப்பு என்றால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குக் கழிவு உண்டு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறைக்கு இது பொருந்தாது.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து வழக்கம்போல அனுப்பலாம். சிங்கப்பூர், கனடா என்று குடியுரிமை மாறியவர்கள், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். உங்கள் பணத்தை வாங்க அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும். ‘தம்பி கணக்குக்கு அனுப்பறேன், அவன் கொடுத்துடுவான்’ என்று செய்து அந்த மையத்தைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

ஞாயித்துக்கிழமை வந்து குழந்தைகளைக் கொஞ்ச நேரம் வச்சுக்கலாமா? காசைவிட அதுதானே முக்கியம்னு நீங்களே சொன்னீங்க.

சொன்னேன். ஆனால் குழந்தைக்கு வேண்டியது நாள்தோறும் வரும் அதே கை, அதே வாசனை. வாரம் ஒருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போவதில் அது கிடைக்காது, சளியும் இருமலும்தான் கிடைக்கும். மையம் அனுமதித்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, மாதக்கணக்கில் ஒழுங்காக வர முடியும் என்றால் வாருங்கள். முடியாதவர்கள் துணி மடிக்கலாம், கணக்கு எழுதலாம், வண்டி ஓட்டலாம். எங்கள் நண்பர் ஒருவர் மருத்துவமனைக்குக் கார் ஓட்டுகிறார். குழந்தையைத் தொட்டதே இல்லை.

இப்படி உதவி செஞ்சா, விட்டுட்டுப் போறவங்களுக்கு அது வசதியாப் போயிடாதா?

தொட்டில் திட்டம் வந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. பெண் குழந்தையை ஒதுக்குவதை அரசே சுலபமாக்குகிறது என்று பெண்கள் இயக்கங்களில் இருந்தவர்களே கேட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. தொட்டில் இருப்பதால் வரதட்சணையும் போகவில்லை, ஆண் பிள்ளை ஆசையும் போகவில்லை.

ஆனால் விட்டுப் போகிறவர் யார் என்று பாருங்கள். கல்யாணம் ஆகாமல் கருவுற்ற பத்தொன்பது வயதுப் பெண், மூன்றாவதும் பெண்ணானதால் மாமியார் வீட்டுக் கதவு சாத்தப்பட்டவர், புருஷன் செத்துக் கூலிக்குப் போகிறவர். ஒருமுறை நாங்கள் போனபோது பெண் ஒருவர் தன் குழந்தையை ஒப்படைக்க வந்திருந்தார். மேல்சட்டை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொண்டே இருந்தார். வசதி என்ற சொல் அன்றிலிருந்து என் வாயில் வருவதில்லை. சட்டமும் இதைக் கொஞ்சம் புரிந்துவைத்திருக்கிறது: கையை மீறிய சூழ்நிலையால் பெற்றவர் கைவிட நேர்ந்தால், அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது.

அதனால் நம் பணத்தில் ஒரு பங்கு அம்மாக்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை தன் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அது கைக்கு வரும்வரை வாடகைக்கும் மளிகைக்கும் சில மாதம் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால், அந்த இரண்டு மாத அவகாசத்துக்குள் குழந்தை அம்மாவிடமே திரும்பிப் போகலாம். மேலே சொன்ன பெண் நாற்பதாவது நாள் தன் அக்காவோடு வந்து குழந்தையைத் தூக்கிப் போனார்.

யாரும் தத்தெடுக்க முன்வராத குழந்தைகள் என்ன ஆவாங்க?

இதயத்தில் ஓட்டை, வளைந்த பாதம், பிளவுபட்ட உதடு, மூளை வளர்ச்சிக் குறைவு. இவர்களுக்குத்தான் வழித்தங்கல் வீடாகிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைகள் பலவும் அரசுத் திட்டங்களில் இலவசமாக நடக்கும். ஆனால் வளைந்த பாதத்துக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு, அதற்கு வாரம் ஒரு பயணம், கூட ஓர் ஆயா, பிறகு வருடக்கணக்கில் சிறப்புக் காலணி. அந்தச் செலவை நன்கொடைதான் தாங்குகிறது. எங்கே கொடுப்பது என்று தெரியாதவர்களிடம் நான் முதலில் சொல்வது, ‘நாளாகியும் போகாத குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்’ என்பதுதான்.

நாம உதவி செஞ்ச குழந்தை பெரியவளாகி எங்க இருக்கான்னு எப்பவாவது தெரியுமா?

நமக்குத் தெரியாது, நாம் கேட்கவும் கூடாது. தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்குத்தான். பதினெட்டு வயதுக்குப் பிறகு தத்துப் பிள்ளைகள் தங்கள் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். அன்று எந்தக் கோப்பு இருக்கிறதோ அதுதான் அவள் கையில் கிடைக்கும்.

சில வருடம் முன்பு ஒரு மழையில் அந்த மையத்தின் கோப்பு அறைக்குள் தண்ணீர் வந்தது. அந்த வருடம் நாங்கள் திரட்டியதில் ஓர் இரும்பு பீரோ வாங்கிக் கொடுத்தோம். மேல்தட்டில் கோப்புகள். கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணும் தேதியும். குழந்தை கிடைத்தபோது அதைச் சுற்றியிருந்த துணி உள்ளே இருக்கும். ஒன்றில் பழைய வேட்டிக் கிழிசல், ஒன்றில் பச்சைக் கரை போட்ட சேலைத் துண்டு, துவைத்து மடித்து வைத்திருக்கிறார்கள்.